சோலார் பற்றரி இரவு தாங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

வீட்டுச் சோலாரில் எது பிழைத்தாலும் பழி முதலில் பற்றரியின் தலையில்தான் விழும். பார்க்க வருகிறவரும் மூடியை ஒருதரம் தொட்டுவிட்டு, "அண்ணை, பற்றரி முடிஞ்சுது, மாத்தவேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். உண்மையிலேயே முடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பிழை ஒரு தளர்ந்த போல்ற்றிலோ, இன்வேர்ட்டரில் யாரும் தொடாமல் விட்ட செற்றிங்கிலோ, தெற்கு வேலித் தென்னையின் நிழலிலோ இருந்தால், புதுப் பற்றரியும் பழையதன் வழியிலேயே போகும். ஆகவே காசை எடுக்கமுன் மல்ரிமீற்றரை எடுங்கள்.

யாழ்ப்பாண வீடுகளில் இப்போது இருப்பவை இரண்டு வகை. ஒன்று லெட் அசிட்: தண்ணீர் விடும் ரியூபுலர், மூடியே திறக்காத ஜெல், ஏஜிஎம் எல்லாம் இதற்குள் வரும். மற்றது லித்தியம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் அவசரமாக வாங்கிப் பூட்டிய லெட் அசிட் பற்றரிகள் இப்போது வயது போன நிலையில் இருக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கு. லித்தியத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

தொடங்கமுன்

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு மல்ரிமீற்றர், தண்ணீர் விடும் பற்றரி என்றால் அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீற்றர், பிடியில் இன்சுலேஷன் ரேப் சுற்றிய ஸ்பனர், ஒரு கொப்பி. கொப்பியைத்தான் பலர் மறப்பார்கள். போன மாதம் எவ்வளவு காட்டியது என்று தெரிந்தால் பாதி விடை அதிலேயே இருக்கும்.

12 வோல்ட் ஷொக் அடிக்காது என்பதால் பலருக்குப் பற்றரியில் பயம் இல்லை. ஆபத்து அம்பியரில் இருக்கிறது. மோதிரமோ காப்போ இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் அது சிவந்து விரலும் வெந்துவிடும். நகையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நிற்பாட்டும்போது முதலில் பனல் பிரேக்கர், பிறகு சபைக் கரண்ட் (மின்சார சபை லைனில் வருவது), கடைசியாகப் பற்றரி. பற்றரி முனைகளில் மைனஸை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது பற்றரி முதலில், பனல் கடைசியில். பற்றரி இல்லாமல் பனலை மட்டும் கொடுத்தால் சில சார்ஜ் கொன்றோலர்கள் (பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) அந்த இடத்திலேயே எரிந்துபோகும்.

பனல் பக்க வயரை நீங்கள் தொடவேண்டாம். தொடராகக் கோத்த பனல்களில் 300 வோல்ட் டீசீ சாதாரணமாக நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பைப் பிடுங்கினால் பொறி அணையாமல் நீண்டு எரியும். அது எலக்றிசியனின் வேலை.

அசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிலத்தில் சிந்தியதற்கு அப்பச்சோடாவைத் தூவலாம். நுரைத்து அடங்கியதும் கழுவிவிடுங்கள்.

எப்போது அளப்பது?

பற்றரி அளவில் நடக்கும் பிழைகளில் பெரியது, பகல் வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீற்றரை வைத்து "13.8 காட்டுது, பற்றரி நல்லம்" என்று சொல்வது. அது சார்ஜரின் வோல்ட். செத்த பற்றரியும் அதைக் காட்டும். அதேபோல் பம்ப் ஓடும்போது அளந்து 11.6 என்று பயப்படுவதும் வீண்.

சார்ஜும் இல்லாமல் சுமையும் இல்லாமல் பற்றரி மூன்று நான்கு மணித்தியாலம் சும்மா இருக்கவேண்டும். பைபாஸ் சுவிட்ச் இருக்கும் வீட்டில், பின்னேரம் சார்ஜ் முடிந்தபின் வீட்டைச் சபைக் கரண்டில் விட்டுவிட்டுப் பற்றரி பிரேக்கரை இறக்கி, படுக்கப் போகமுன் அளக்கலாம். தண்ணீர் விடும் 12 வோல்ட் பற்றரி நிறைந்திருந்தால் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் அரைவாசி. 12.0 க்குக் கீழே போனால் கால்வாசிதான் மிச்சம். 11.8 என்றால் வெறுமை. மூடிய ஏஜிஎம், ஜெல் வகை நிறைந்த நிலையில் இதைவிடக் கொஞ்சம் கூட, 12.8 முதல் 13 வரை காட்டும்.

24 வோல்ட், 48 வோல்ட் அமைப்பு என்றால் மொத்தத்தை அளந்து இரண்டாலோ நான்காலோ பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

அறிகுறி: இரவு பத்து மணிக்கே பீப் அடிக்கிறது

அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். காரணம் நான்கு இடங்களில் இருக்கலாம், இந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

முதலில் கணக்கு. 150 ஏ.எச். (அம்பியர்-மணி) பற்றரி ஒன்றில் 150 ஐ 12 ஆல் பெருக்க 1800 வாட்-மணி. லெட் அசிட்டில் அரைவாசிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போகும், ஆகவே 900. இன்வேர்ட்டர் தின்னும் பங்கு போக 800 க்குக் கிட்ட மிஞ்சும். 70 வாட் சீலிங் ஃபான் இரண்டு எட்டு மணித்தியாலம் ஓடினால் 1120. இங்கே பற்றரியில் பிழை எதுவும் இல்லை. 1990 களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஃபானையும் ரிவியையும் போட்டுவிட்டு நித்திரை கொள்ளும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டும். இன்வேர்ட்டரையும் கணக்கில் சேருங்கள். 5 கிலோவாட் ஹைபிரிட் (பனல், பற்றரி, சபைக் கரண்ட் மூன்றையும் கையாளும் இன்வேர்ட்டர்) ஒன்று சும்மா இருக்கவே 50 வாட் அளவில் எடுக்கும். அது பன்னிரண்டு மணித்தியாலத்தில் 600 வாட்-மணி. சிறிய பற்றரியோடு பெரிய இன்வேர்ட்டரைப் பூட்டிய வீட்டில், ஒரு லைற்றும் போடாவிட்டாலும் விடியப்புறம் பற்றரி இறங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

கணக்குச் சரியென்றால், பின்னேரம் சூரியன் படும்போது பற்றரி உண்மையிலேயே நிறைகிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் பற்றரிக்கு 14.4 வரை ஏறி, அந்த இடத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் நின்று, அம்பியர் குறைந்து, பிறகு 13.5 முதல் 13.8 க்குள் இறங்கவேண்டும். 24 வோல்ட்டுக்கு இதை இரண்டாலும் 48 க்கு நான்காலும் பெருக்குங்கள். இன்வேர்ட்டர் திரையில் மத்தியானம், மூன்று மணி, ஐந்து மணி என்று பார்த்து எழுதுங்கள். 14.4 ஐத் தொடவேயில்லை என்றால் பிழை சார்ஜ் பக்கம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

விறுவிறு என்று காலை பத்து மணிக்கே 14.4 க்கு ஏறி "புல்" என்று காட்டி, இரவு விளக்குப் போட்டதும் விறுவிறு என்று இறங்கினால் அது மூன்றாவது இடம்: சல்பேற் படிவு. நம்முடைய கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியில் வெள்ளைப் படலம் பிடிப்பதுபோல, அரைகுறையாகச் சார்ஜ் ஆகிப் பல நாள் கிடந்த பற்றரியின் ஈயத் தட்டில் கடினமான சல்பேற் பிடித்துவிடும். தட்டின் பெரும்பகுதி வேலை செய்யாது, கொஞ்ச இடம் மட்டும் நிறைந்து கொஞ்சமே கொடுக்கும். மாரியில் இது கூட நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்காக வெயில் இல்லாமல் பற்றரி அரைவாசியிலேயே கிடக்கும். என் அபிப்பிராயம், மாரியில் வாரத்துக்கு ஒருக்காவாவது சபைக் கரண்டால் முழுக்க நிரப்பவேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்து இதை நிற்பாட்டி வைப்பவர்கள், பிறகு அதைவிடப் பல மடங்கைப் பற்றரிக் கடையில் கொடுக்கிறார்கள்.

படிவு புதிது என்றால், தண்ணீர் விடும் பற்றரியை மட்டும் ஈக்குவலைஸ் என்ற செற்றிங்கில் 15 முதல் 15.5 வோல்ட் வரை சில மணித்தியாலம் விட்டுப் பார்க்கலாம். முன்னும் பின்னும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், யன்னலைத் திறந்து விடுங்கள், பக்கத்தில் ஆள் இருங்கள். ஜெல், ஏஜிஎம் இரண்டுக்கும் இதைச் செய்யவே கூடாது. ஆறு மாதமாகப் படிந்ததை இந்த வைத்தியம் எடுக்காது. கடையில் விற்கும் "பற்றரி புதுப்பிக்கும்" மருந்துப் போத்தல்களையும் நான் நம்பமாட்டேன்.

நான்காவது, பலர் அறியாத செற்றிங்: வெட்டும் வோல்ட். கடைகளில் அதிகம் ஓடும் ஹைபிரிட் இன்வேர்ட்டர் வகைகளில் பற்றரியை வெட்டும் அளவு 48 வோல்ட்டுக்கு 42 என்று கொம்பனியில் வைத்தே வரும். நான்கால் பிரித்தால் ஒரு பற்றரிக்கு 10.5. லெட் அசிட்டை அந்த ஆழத்துக்குத் தினமும் இறக்கினால் ஆயுள் வருடக் கணக்கில் குறையும். சுமையோடு இருக்கும்போது 46, 47 இல் வெட்டும்படி உயர்த்துங்கள். 24 வோல்ட் என்றால் 23 முதல் 23.5. பீப் முன்னரே அடிக்கும், அது பரவாயில்லை.

அறிகுறி: நல்ல வெயில், ஆனால் சார்ஜ் ஏறவில்லை

முதலில் கூரையைப் பாருங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசி, காகத்தின் எச்சம், கரையோரத்திலும் தீவுப் பகுதியிலும் உப்புப் படலம் எல்லாம் சேர்ந்து பனலை மங்கவைக்கும். விடியற்காலையில் பனல் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் கழுவுங்கள். மத்தியானக் கொதியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். கழுவின தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்தாலும் பிரயோசனமில்லை, துடைத்துவிடுங்கள்.

அடுத்து நிழல். "போன மாதம் வடிவாக ஓடியது" என்பவர்களிடம் கேட்கவேண்டியது, உங்கள் வளவின் தெற்குப் பக்கம் என்ன மரம் என்றுதான். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9.7 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழியில் நண்பகலிலும் சூரியன் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே சரிந்து நிற்கும். ஆனி ஆடியிலோ உச்சிக்குச் சற்று வடக்கே. ஆகவே ஆடியில் நிழலே விழாத கூரையில் மார்கழியில் பக்கத்து வளவுத் தென்னை படுத்துக் கிடக்கும். தொடராகக் கோத்த பனல்களில் ஒன்றில் ஓலை நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் கரண்டும் அடிபடலாம். கொப்பு வெட்டுவதா, அயலவரோடு கதைப்பதா என்பது உங்கள் சாமர்த்தியம்.

நிழலும் தூசியும் இல்லையென்றால் இன்வேர்ட்டர் திரையில் பனல் வோல்ட்டைப் பாருங்கள். பூச்சியம் என்றால் பனல் பிரேக்கர் இறங்கியிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், அல்லது கூரையில் இணைப்பு ஒன்று உருகியிருக்கலாம். அங்கே எலக்றிசியனைக் கூப்பிடுங்கள். பனல் வோல்ட் இருக்கிறது, வாட் மட்டும் மிகக் குறைவு என்றால், பற்றரி ஏற்கெனவே நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சார்ஜ் அம்பியர் எல்லை எவ்வளவு என்று செற்றிங்கில் பாருங்கள். பூட்டியவர் சோதித்துப் பார்க்க 10 அம்பியரில் வைத்துவிட்டு மறந்து போயிருப்பார். லெட் அசிட்டுக்கு ஏ.எச். அளவின் பத்திலொரு பங்கு நல்ல அளவு: 150 ஏ.எச். வரிசைக்கு 15 அம்பியர்.

பழைய சிறிய அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 12 வோல்ட் பற்றரிக்கு, பனல் வோல்ட்டைப் பற்றரி வோல்ட்டுக்கே இறக்கிவிடும் விலை குறைந்த பீடபிள்யூஎம் கொன்றோலரை வைத்து, அதில் 30 வோல்ட் வரும் பெரிய வீட்டுப் பனலைப் பூட்டினால் பனலின் அரைவாசிக்கு மேல் வீணாகும். அதற்கு, மிஞ்சும் வோல்ட்டை அம்பியராக மாற்றித் தரும் எம்பிபிரி கொன்றோலர் வேண்டும்.

அறிகுறி: கிணற்று மோட்டரைப் போட்டதும் வீடே இருளுகிறது

ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது முக்கால் கிலோவாட்டைவிடக் கொஞ்சம் கூட எடுக்கும். கிளம்பும் அந்தக் கணத்தில் மூன்று மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இழுக்கும். இன்வேர்ட்டர் ஓவர்லோட் என்று காட்டி நின்றால் பற்றரியைக் குற்றம் சொல்ல முடியாது, இன்வேர்ட்டர் சிறிது. ஆனால் "லோ பற்றரி" என்று காட்டி நின்றால், அதுவும் பற்றரி நிறைந்திருக்கும் பின்னேரத்தில் நின்றால், பெரும்பாலும் ஓர் இணைப்பில் வோல்ட் தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்பதைக் கண்ணால் காண முடியும். ஒரே சீராக இழுக்கும் சுமை ஒன்றைப் போடுங்கள். அயன் பொக்ஸ் நல்லது, 1000 வாட் என்றால் 24 வோல்ட்டில் 45 அம்பியர் அளவில் ஓடும். மல்ரிமீற்றரை டீசீ மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஒரு ஊசியைப் பற்றரியின் ஈய முனையிலேயே குத்திப் பிடியுங்கள், போல்ற்றிலோ லக்கிலோ (வயர் நுனியில் நெரித்த செம்பு வளையம்) படக்கூடாது. மற்ற ஊசியை அதே முனையில் பூட்டியிருக்கும் லக்கின் செம்பில் வையுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை, ஆகவே மீற்றர் ஏறக்குறையப் பூச்சியம் காட்டவேண்டும். 5, 10 மில்லிவோல்ட் பரவாயில்லை. 100, 150 என்று துள்ளினால் அந்த முனையில் கறளோ தளர்வோ இருக்கிறது. பிறகு லக்கின் செம்பிலிருந்து, வயரை நெரித்துப் பிடித்த இடத்துக்கு அப்பால் உள்ள செம்புக் கம்பிக்கு அளவுங்கள். பற்றரிக்குப் பற்றரி போகும் இடைவயர், பிரேக்கரின் இரு பக்கம், இன்வேர்ட்டரின் முனை என்று முழுப் பாதையையும் இப்படி நடந்து வாருங்கள். அயன் பொக்ஸில் 100 மில்லிவோல்ட் தொலைகிற இணைப்பு, மோட்டர் கிளம்பும்போது அதன் பல மடங்கைத் தொலைக்கும். சுமையை நிற்பாட்டியபின் லக்கைக் கையால் தொட்டுப் பார்த்தாலும் தெரியும், கெட்டது சுடும்.

வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த முனையைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, காய்ந்தபின் கம்பி பிரஷால் ஈயம் பளபளக்கும்வரை உரசிப் பூட்டுங்கள். அப்பச்சோடாத் தண்ணீர் பற்றரியின் உள்ளே போகாதபடி மூடிகளை இறுக்கி வையுங்கள். போல்ற்றை இறுக்கியபின் மேலால் வாஸ்லீன் பூசலாம். பூசிவிட்டு இறுக்குவது பிழை. கடற்கரையோரத்தில், குருநகர், பாசையூர், ஊர்காவற்றுறைப் பக்கம் இருப்பவர்கள் இதை ஆறு மாதத்துக்கு ஒருக்காவது செய்யவேண்டிவரும். மூன்று கிலோவாட் இன்வேர்ட்டர் 24 வோல்ட்டில் முழுச் சுமையில் 140 அம்பியர் அளவில் இழுக்கும், அதற்கு 35 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செம்பு வயர் வேண்டும். மெல்லிய வயர் பூட்டியிருந்தால் எத்தனைதரம் உரசினாலும் இருட்டு வரத்தான் செய்யும்.

மோட்டரை மத்தியான வெயிலில் போட்டுத் தொட்டியை நிரப்பி வைப்பது இதற்கெல்லாம் மேலான வைத்தியம். அந்த நேரம் பாரத்தின் பெரும்பங்கைப் பனல் சுமக்கும்.

அறிகுறி: ஒரு பற்றரி மட்டும் வேறு கதை சொல்கிறது

தொடரில் உள்ள நான்கில் மூன்று 12.7 காட்ட, ஒன்று 12.2 காட்டினால் அந்த ஒன்றுதான் எல்லாரையும் இழுத்து விழுத்துகிறது. இன்வேர்ட்டருக்கு மொத்தம் மட்டுமே தெரியும். சார்ஜ் நேரத்தில் மெலிந்தது நிறையாமல் நிற்க, மற்ற மூன்றும் அளவுக்கு மிஞ்சி வாங்கிக் கொதிக்கும். தனியே எடுத்து ஒரு 12 வோல்ட் சார்ஜரில் ஓர் இரவு விட்டு நிரப்பி, மீண்டும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் திரும்பவும் பின்தங்கினால் அது தேறாது. முழுச் சார்ஜுக்குப் பிறகும் 10.5 க்குக் கிட்டவே நின்றால் ஆறு அறைகளில் ஒன்று ஷோர்ட், சோதனையே தேவையில்லை.

தண்ணீர் விடும் வகையில் ஹைட்ரோமீற்றர் இதைவிடத் தெளிவாகச் சொல்லும். ஒவ்வொரு அறையாக அசிட்டை உறிஞ்சி, மிதவை சுவரில் ஒட்டாமல் நிற்கும்போது கண்மட்டத்தில் வாசியுங்கள். இன்வேர்ட்டருக்கென்று வரும் ரியூபுலர் பற்றரிகள் பலவற்றில் முழுச் சார்ஜில் 1.240 அளவில் நிற்கும், வேறு வகைகளில் 1.265 அல்லது கூட, லேபிளில் போட்டிருப்பார்கள். அறைக்கு அறை 0.030 க்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைந்த அறை நோயாளி.

மூன்று வருடம் ஓடிய வரிசையில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடும் யோசனையை விடுங்கள். புதியதும் பழையதும் ஒத்து ஓடாது, கொஞ்ச நாளில் புதியதும் பழையதாகிவிடும்.

அறிகுறி: தண்ணீர் கெதியாக வற்றுகிறது, மணக்கிறது, சுடுகிறது

மாதக்கணக்கில் கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு கிழமைக்கு ஒருக்கா விடவேண்டி வந்தால் ஓவர் சார்ஜ். செற்றிங்கில் பற்றரி வகை சரியா என்று முதலில் பாருங்கள். ஜெல் பற்றரியை "புளடட்" (தண்ணீர் விடும் வகை) என்று வைத்தால் 14.6 அளவுக்கு ஏற்றும், அது ஜெல்லுக்குக் கூட. பிறகு சூடு. தகரக் கூரையின் கீழே, அல்லது மேற்கு வெயில் அடிக்கும் சுவரோடு வைத்திருந்தால் சார்ஜ் வோல்ட்டை இறக்கவேண்டும்: 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட் பற்றரிக்கு 0.02 முதல் 0.03 வோல்ட் வரை. நல்ல கொன்றோலரில் இதற்கு ஒரு சூட்டு உணரி வயர் வரும், பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். 25 க்கு மேலே எட்டுப் பத்துப் பாகை நிரந்தரமாகக் கூடினால் லெட் அசிட்டின் ஆயுள் ஏறக்குறையப் பாதி. வடக்குச் சுவர், காற்றோட்டம், நிழல், இவ்வளவும் இலவசம்.

கூமுட்டை மணம் வந்தால் யோசிக்கவேண்டாம். சுவிட்ச் எதையும் அந்த அறைக்குள் நின்று தட்டாமல் யன்னலைத் திறந்து, வெளியே உள்ள பிரேக்கரில் சார்ஜை நிற்பாட்டுங்கள். ஓர் அறை ஷோர்ட் ஆகிக் கொதித்துக்கொண்டிருக்கலாம். மூடிய பற்றரியின் வயிறு ஊதியிருந்தாலும் இதேதான், அது திரும்பிப் பாவிக்கும் நிலையில் இல்லை. லெட் அசிட் சார்ஜாகும்போது ஐதரசன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். ஆகவே சாமி அறையோடு ஒட்டிய மூலை, காஸ் அடுப்பு இருக்கும் குசினி இரண்டும் பற்றரிக்கு உரிய இடமில்லை.

விடும் தண்ணீர் பற்றி: காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் மட்டும். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நம்முடைய கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் கல்சியமும் குளோரைட்டும் நிறைந்தது. ஊருக்கு ஊர் விற்கும் ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்லது, அதிலும் உப்பு முற்றாகப் போயிருக்காது. முழுச் சார்ஜுக்குப் பிறகு குறியீடு வரை விடுங்கள். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் தட்டை மூடும் அளவுக்கு முதலே விட்டுவிட்டுச் சார்ஜ் செய்யுங்கள். அசிட் சேர்க்கவே வேண்டாம், வற்றியது தண்ணீர்தான்.

லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு

வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று இதில் சொல்ல முடியாது. 80 சதவீதத்துக்கும் 40 க்கும் இடையில் வோல்ட் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். உள்ளே இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் போட் எண்ணிச் சொல்லும் சதவீதமும் பல நாள் முழுச் சார்ஜ் கிடைக்காவிட்டால் பிசகும். 40 இல் இருந்து திடீரென்று 5 க்கு விழுந்தால் பயப்படமுன் ஒருதரம் 100 வரை ஏற்றி, அந்த நிலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். மாரியில் இதற்கும் சபைக் கரண்டுதான் துணை.

முனையில் பூச்சியம் வோல்ட் காட்டினால் பிஎம்எஸ் கதவை மூடிவிட்டது. ஆழமாக இறங்கியிருக்கலாம், சூடேறியிருக்கலாம், சுமை மிஞ்சியிருக்கலாம். எல்லாச் சுமையையும் கழற்றி, பற்றரியின் ரீசெற் பொத்தானை அமத்துங்கள். எழும்பினால் உடனே சார்ஜ் கொடுங்கள், விளக்கைப் போட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

மத்தியானத்தில் ஒவ்வொரு நாளும் சார்ஜ் வெட்டுப்பட்டால் பற்றரியின் லேபிளைப் பாருங்கள். 51.2 வோல்ட் என்றால் உள்ளே 16 செல், 48 என்றால் 15 செல். ஏஜிஎம் செற்றிங்கின் 56.4 வோல்ட் 16 செல்லுக்குப் பொருந்தும். 15 செல்லில் அதே அளவு செல் ஒன்றுக்கு 3.76 ஆகிவிடும், பிஎம்எஸ் விடாது. லேபிளில் உள்ள அளவை யூசர் செற்றிங்கில் போடுங்கள். அளவு சரியாக இருந்தும் வெட்டினால் செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு. சார்ஜ் அம்பியரை 5, 10 க்கு இறக்கிச் சில நாள் முழுக்க நிரப்ப விட்டால் பெரும்பாலும் சமப்படும்.

இன்வேர்ட்டரும் பற்றரியும் "கதைக்கவில்லை" என்ற பிழைக்குக் காரணம் அனேகமாக வயர். பார்க்கக் கொம்பியூட்டர் நெற்வேர்க் வயர் போலவே இருக்கும், துளையிலும் வடிவாகப் பொருந்தும், ஆனால் உள்ளே ஊசிகளின் ஒழுங்கு வேறு. பற்றரியோடு வந்த வயரையே பாவியுங்கள். பழைய பெட்டியோடு புதுப் பெட்டி சேர்ப்பதென்றால் இரண்டையும் தனித்தனியே 100 வரை நிரப்பிய பிறகு இணையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாயும் கரண்ட் பிஎம்எஸ்ஸை வெட்டவைக்கும்.

அறிகுறி: சபைக் கரண்ட் போனால் சோலாரும் போகிறது

2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்கக் கரண்ட் போனபோது கூரை நிறையப் பனல் வைத்திருந்த வீடுகளும் இருண்டன. அது பழுதில்லை. பற்றரி இல்லாத ஒன்கிரிட் இன்வேர்ட்டர், லைனில் வேலை செய்யும் சபை ஊழியரின் உயிரைக் காக்க, சபைக் கரண்ட் இல்லாவிட்டால் தானே நிற்கும்படி செய்யப்பட்டது. பற்றரி உள்ள ஹைபிரிட்டிலும் இப்படி நடந்தால், வீட்டு வயறிங் இன்வேர்ட்டரின் வெளியீட்டில் பூட்டாமல் நேரே மீற்றரில் பூட்டியிருக்கிறதா என்று எலக்றிசியனிடம் காட்டுங்கள்.

எல்லாம் பார்த்தும் பற்றரிதான் என்றால்

வொறன்ரி இருந்தால் கொப்பியில் எழுதிய அளவுகளைத் திகதியோடும், தொடர் இலக்கத்தின் படத்தோடும் கடைக்குக் கொண்டுபோங்கள். "தாங்குதில்லை" என்று சொல்வதைவிட, "முழுச் சார்ஜில் நான்கு மணித்தியாலம் விட்டபின் மூன்றாவது பற்றரி 11.9, மற்றவை 12.7" என்று சொன்னால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

பழையதை முழுதாகவே கடையில் கொடுங்கள், ஈயத்துக்கு விலை உண்டு, புதியதில் கழித்துத் தருவார்கள். அசிட்டை வளவில் ஊற்றவேண்டாம். மெல்லிய மண்ணும் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லும் உள்ள வலிகாமத்தில் கொட்டியது எதுவும் கெதியாகக் கிணற்றுக்கு இறங்கும், அதே நீரைத்தான் அயலும் அள்ளுகிறது. வலைக்கு ஈயக்குண்டு வார்க்க என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தப் புகையும் தூசியும் முதலில் பிடிப்பது அவர்களுடைய குழந்தைகளைத்தான். ஊதிய லித்தியம் என்றால் துளைக்கவோ திறக்கவோ வேண்டாம், வீட்டுக்கு வெளியே சீமெந்துத் தரையில் நிழலில் வைத்துவிட்டு, விற்ற கடைக்காரரை வந்து எடுக்கச் சொல்லுங்கள்.